எங்கே கேட்கிறோம் என்று பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் இயர்பட்ஸ் வாங்குவோருக்காக வந்த கட்டுரையைப் படித்தேன். வெளியிலிருந்து வரும் சத்தத்தை எவ்வளவுக்கு அடக்குகிறதோ அவ்வளவுக்கு நல்ல பொருள் என்ற கணக்கில் மதிப்பெண் போட்டிருந்தார்கள். நாய்ஸ் கேன்சலிங் வகைகள் முன்வரிசைக்கு வந்துவிட்டன. காதுத் துவாரத்தை அடைக்காத ஓப்பன் வகைகளைக் கடைசியில் இரண்டு பத்தியில் முடித்துவிட்டு, ‘இவை காதுக்குப் பாதுகாப்பானவை’ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். அந்த மதிப்பெண்ணையும் இந்த வரியையும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டையும் நம்பிப் பணம் கொடுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதனை செய்வது என் வேலை. வெளிச்சத்தம் புகாத, கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, 250 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுருதியிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதி வரை ஒவ்வொன்றாகச் சத்தம் கொடுப்போம். கேட்டால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்பதை வலது காதுக்குச் சிவப்பு வட்டமாகவும் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறியாகவும் தாளில் பதிப்போம். அதுதான் ஆடியோகிராம். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் தறிக்காரர்களும்தான். இப்போது அதே பெஞ்சில் கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயரைக் கூப்பிட்டதும் காதிலிருந்து இயர்பட்ஸைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே வருகிறார்கள். பரிசோதனை முடிந்து எழும்போது, “எது வாங்கினா நல்லதுங்க மேடம்?” என்று பலர் கேட்கிறார்கள்.

எங்கே வைத்துக் கேட்பீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ரோட்டில் நடக்கும்போது, வீட்டு வேலை செய்யும்போது, கடையில் நிற்கும்போது என்றால் ஓப்பன் வகை வாங்குங்கள். பஸ்ஸில், ரயிலில், விமானத்தில் உட்கார்ந்த இடத்தில் என்றால் நாய்ஸ் கேன்சலிங். ஒன்றை வாங்கி அதையே எல்லா இடத்திலும் போட்டுக்கொள்வதால்தான் கெடுதல் வருகிறது. நம் பிழைப்பில் அன்றாடம் பாட்டோ செய்தியோ கேட்பது அநேகமாக முதலில் சொன்ன இடங்களில்தான். ஆகவே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்பவருக்கு நான் ஓப்பன் வகையையே சொல்வேன். பஸ் ஏறியதும் கழற்றிப் பையில் வைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

நாய்ஸ் கேன்சலிங் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் இது விளங்கும். இயர்பட்ஸிலுள்ள மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப், அந்த அலைக்கு நேர் எதிரான இன்னொரு அலையை உண்டாக்கிக் காதுக்குள் விடுகிறது. அது ஏறும் இடத்தில் இது இறங்கும், அது இறங்கும் இடத்தில் இது ஏறும். இரண்டும் சேர்ந்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூக் என்பவர் இந்த யோசனைக்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1978-ல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் போகும் விமானத்தில், கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலைத் தாண்டி இசையைக் கேட்க முடியாமல் போனபோது போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ் அங்கேயே உட்கார்ந்து இதற்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தாழ்ந்த சுருதியில், ஒரே சீராக, மணிக்கணக்கில் இரையும் சத்தத்துக்காகச் செய்யப்பட்ட பொருள் அது. சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் அலைகள் நெருங்கிவிடும், எதிர் அலையை அத்தனை துல்லியமாகப் பொருத்த முடியாது. அதற்கு மேலுள்ள சத்தத்தைக் குறைப்பதெல்லாம் துவாரத்தை இறுக்கி அடைக்கும் அந்தச் சிலிக்கோன் ரப்பரின் வேலை.

இதைக் காதில் போட்டுக்கொண்டு அவினாசி ரோட்டில் நடக்கிறவரை நினைத்துப் பாருங்கள். பின்னால் வரும் லாரியின் உறுமல், டயர் தார்ரோட்டில் தேய்கிற சத்தம், பஸ் கிளம்புகிற இரைச்சல், இவற்றைக் கேட்டுத்தான் நாம் திரும்பிப் பார்க்காமலே ஓரமாக ஒதுங்குகிறோம். எல்லாமே தாழ்ந்த சுருதி மிகுந்த சத்தங்கள். சிப் முதலில் தின்பது இவற்றைத்தான். ஹார்ன் சத்தம் தப்பி வரலாம். ஆனால் ரப்பரைத் தாண்டி மங்கலாக வரும், எந்தப் பக்கத்திலிருந்து என்பதும் பிடிபடாது. காதுமடலின் மடிப்புகளில் பட்டு உள்ளே போகும் சத்தத்தை வைத்துத்தான் வண்டி முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று மூளை பிரித்தறிகிறது. துவாரத்தை அடைத்தால் அந்தத் துப்பு போய்விடும். போதாததற்கு எங்கள் ஊர்த் தெருக்களில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் பெருகிவிட்டன. மெதுவாக வரும்போது அவற்றுக்கு எஞ்சின் சத்தம் என்று ஒன்றுமே கிடையாது, டயர் சத்தம் மட்டும்தான்.

‘டிரான்ஸ்பரன்சி மோடு இருக்கிறதே, அதைப் போட்டால் வெளிச்சத்தம் கேட்குமே’ என்பார்கள். கேட்கும், மறுக்கவில்லை. மைக் பிடித்துக் கொடுக்கிற சத்தம் அது. காற்றடித்தால் மைக்கில் புஸ்புஸ் என்று இரைச்சல்தான் வரும். எந்த மோடில் இருக்கிறோம் என்பதை ஒவ்வொரு தடவையும் நினைவு வைத்துக்கொள்ளவும் வேண்டும். பஸ்ஸில் போட்ட நாய்ஸ் கேன்சலிங்கோடு அப்படியே இறங்கி ரோட்டைக் கடப்பவர்களை பஸ் நிலையத்து வாசலில் தினமும் பார்க்கிறேன். ஓப்பன் வகையில் மறப்பதற்கு ஒன்றுமில்லை. துவாரம் எந்நேரமும் திறந்தே கிடக்கிறது.

இருசக்கர வண்டி ஓட்டும்போது இரண்டு வகையும் வேண்டாம். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவுப்படி ஏற்கெனவே குற்றம். அதைக் காதில் பாட்டோடு கடப்பவர்களுக்கு எந்த இயர்பட்ஸையும் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது.

பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து ராத்திரியில் வரும் பெண்கள் இன்னொரு காரணம் சொல்கிறார்கள். கம்பெனி வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து வீடு வரை சந்துக்குள் நடக்க வேண்டும். நாள் முழுக்க ஓவர்லாக் தையல் மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வரும் அவர்களுக்கு அந்த நடைதான் பாட்டுக் கேட்கிற நேரம், அம்மாவிடம் பேசுகிற நேரம். பின்னால் காலடிச் சத்தம் கேட்க வேண்டும், நாய் வந்தால் தெரிய வேண்டும். பரிசோதனைக்கு வந்த, செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண், “காதை அடைச்சுட்டா முதுகுல கண்ணு வேணுமுங்க மேடம்” என்றாள். அவளுக்கு ஓப்பன் வகையைத் தவிர வேறு எதையும் என்னால் சொல்ல முடியாது. சந்தில் ராத்திரி அமைதிதான். வால்யூமைக் கூட்ட வேண்டிய தேவையே இல்லை.

நானும் என் வீட்டுச் சமையலறையில் ஓப்பன் வகைதான் வைத்திருக்கிறேன். காலையில் வானொலிச் செய்தி ஒரு பக்கம் ஓட, குக்கர் எத்தனையாவது விசில் என்று எண்ண வேண்டும். பால் பொங்கும் முன்னால் வரும் அந்தச் சின்ன ‘உஸ்’ஸைக் கேட்க வேண்டும். உள்ளறையில் படுத்திருக்கும் மாமியார் கூப்பிட்டால் முதல் குரலுக்கே போக வேண்டும், அவர்களுக்கு இரண்டாவது தடவை குரல் எழும்பாது. அடைக்கிற வகையைப் போட்டால் நான் வெண்டைக்காய் நறுக்கும்போதே பலகையில் கத்தி படுவது எலும்பு வழியாக ஏறிக் காதுக்குள் குத்துகிறது. பதில் சொன்னால் என் குரலே பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி எனக்குக் கேட்கிறது. துவாரம் அடைபட்டால் எலும்பு வழியாக வரும் தாழ்ந்த சுருதிச் சத்தங்கள் வெளியேற வழியில்லாமல் பெருகுவதால் இப்படி ஆகிறது. நடந்தால் காலடி, மென்றால் பல் சத்தம். நீண்ட நேரம் போட்டிருப்பவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. ஒன்று மட்டும்: மிக்ஸி போடும்போது செய்தியை நிறுத்திவிடுவேன். மிக்ஸியை மீறிக் கேட்க வேண்டும் என்று வால்யூமில் கை வைத்தால் அங்கே ஆரம்பிக்கிறது வினை.

அந்த வினையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். ‘ஓப்பன் வகை காதுக்குப் பாதுகாப்பானது’ என்ற வரி என்னை இவ்வளவு உறுத்தியது அதனால்தான்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாணவி அம்மாவோடு வந்தாள். கோவையில் கல்லூரி, தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். ராத்திரி படுத்தால் காதுக்குள் ‘ஙொய்’யென்று ஒரு சத்தம் விடாமல் கேட்கிறது, தூங்க முடியவில்லை என்று சொன்னாள். அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்தேன். ஆடியோகிராமில் கோடு 2000 ஹெர்ட்ஸ் வரை நேராக வந்தது. 4000-ல் இரண்டு காதிலும் சட்டென்று கீழே இறங்கியது, 8000-ல் மறுபடி ஏறியது. தறிக்காரர்களின் தாளில் பார்த்துப் பார்த்துப் பழகிய பள்ளம் அது. அளவுக்கு மீறிய சத்தம் உட்காதில் முதலில் கை வைக்கும் இடம் 4000-ஐச் சுற்றியுள்ள பகுதிதான். சத்தத்தால் வந்த கேடு என்று டாக்டர்கள் அந்தப் பள்ளத்தைப் பார்த்தே சந்தேகப்படுவார்கள்.

“கண்ணு, இயர்போன் போடுவியா?”

“போடுவேனுங்க மேடம். ஆனா இது காதுக்குள்ளயே போகாதுங்க. வெளியதான் நிக்கும். காதுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னுதான் அப்பா பார்த்து வாங்கிக் குடுத்தாங்க.”

பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். காதுமடலில் கிளிப் மாதிரிக் கவ்விக்கொள்ளும் ஓப்பன் வகை. நல்ல தரமான பொருள்தான். பஸ்ஸில் எப்படிக் கேட்பாளோ அப்படியே வைக்கச் சொன்னேன். போனைப் பார்க்காமலே பட்டனை அழுத்தி அழுத்தி ஏற்றினாள். உச்சத்துக்கு ஒரு கட்டை குறைவாக நின்றது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குப் பாட்டின் ஒவ்வொரு வரியும் தெளிவாகக் கேட்டது. அம்மா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடுகிற பஸ்ஸுக்குள் எஞ்சின், ஜன்னல் காற்று, ஏர் ஹார்ன், டிரைவர் போடும் பாட்டு எல்லாம் சேர்ந்து, சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில், 80-ஐச் சுற்றி நிற்கும். ஓப்பன் வகை அதில் எதையும் குறைக்காது. குறைக்கக் கூடாது என்றே செய்யப்பட்ட பொருள். பாட்டு புரிய வேண்டுமானால் அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்க வேண்டும். ஆக 85, 90 என்று கை தானாகப் போகிறது. சுற்றி இரைச்சல் இருப்பதால் அது அவளுக்கு உரத்த சத்தமாகவே தோன்றாது. இதே பஸ்ஸில் நாய்ஸ் கேன்சலிங் போட்டிருந்தால் எஞ்சின் உறுமல் பெரும்பங்கு அடங்கியிருக்கும். நல்ல பொருளாக இருந்தால் தாழ்ந்த சுருதியில் 20 டெசிபலுக்கு மேல் குறையும். பாதி வால்யூமில் பாட்டு தெளிவாகக் கேட்டிருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் லாரி வருகிறதா என்று பார்க்க வேண்டியவர் டிரைவர், அவள் இல்லை. காதை அடைத்துக்கொள்ள அதுதான் சரியான இடம்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட தரநிலையின்படி பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு 75. டெசிபல் கணக்கு நம் வீட்டுக் கூட்டல் கழித்தல் மாதிரி இல்லை. மூன்று டெசிபல் ஏறினாலே சத்தத்தின் சக்தி இரட்டிப்பாகிவிடும், நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 83-க்கு வாரம் 20 மணி நேரம். 86-க்கு 10. 89-க்கு 5. 92-க்கு இரண்டரை மணி நேரம்தான், அதுவும் நாளுக்கு இல்லை, வாரத்துக்கு. தினமும் போகவர இரண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் 90-ஐ ஒட்டிக் கேட்கும் பிள்ளைக்கு வாரத்துக்குரிய பங்கு செவ்வாய்க்கிழமைக்குள் தீர்ந்துவிடுகிறது. 12 முதல் 35 வயது வரையுள்ளவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் இப்படிப்பட்ட கேட்கும் பழக்கத்தால் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக அதே நிறுவனம் சொல்கிறது.

கெடுதல் எந்த வழியாக நுழைகிறது என்பது முக்கியமே இல்லை. ரப்பர் அடைத்து உள்ளே விட்டாலும், வெளியே நின்று துவாரத்தை நோக்கி ஊதினாலும், கன்னத்து எலும்பை அதிரவைத்து அனுப்பினாலும், கடைசியில் சத்தம் போய்ச் சேர்வது உட்காதிலுள்ள நத்தைக்கூடு போன்ற காக்லியாவுக்குத்தான். அங்கே சத்தத்தைப் பிடிக்கும் மயிரணுக்கள் பிறக்கும்போது வந்தவை. செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை. பாட்டை நிறுத்திய பிறகு காது மந்தமாக இருப்பதும், ஙொய்யென்று கேட்பதும், காலையில் சரியாகிவிடுவதும் முதல் எச்சரிக்கை. சரியாகிவிட்டதே என்று மறுநாளும் அதே வால்யூமுக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் அது சரியாகாமல் நின்றுவிடும். அப்போதும் பேச்சுச் சத்தம் கேட்கும். ஆனால் சகரமும் தகரமும் பகரமும் குழம்பும். நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் பாதி வார்த்தை நழுவும். “சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் தெரியலை” என்று அறுபது வயதில் சொல்ல வேண்டியதை இருபத்தைந்தில் சொல்கிறார்கள்.

பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கத்து விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இப்போது ஒரு புதுப் பழக்கம் பரவுகிறது. தறிக் கொட்டகைக்குள் சத்தம் 90 டெசிபலுக்கு மேல். பழைய ஆட்கள் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார்கள். சாதாரணப் பஞ்சால் பெரிதாக ஒன்றும் குறையாது. இளவட்டங்கள் இப்போது நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸைப் போட்டுக்கொண்டு, அதில் பாட்டையும் ஓடவிட்டு வேலை செய்கிறார்கள். காதுக்குக் காப்பும் ஆச்சு, பொழுதும் போச்சு என்பது அவர்கள் கணக்கு. தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் இடிக்கிற ‘டக் டக்’ சத்தம் சட்சட்டென்று வெடிக்கும் வகை. எதிர் அலை போட்டு அடக்க முடியாத சத்தங்களில் முதலிடம் அதற்குத்தான். சிப் அடக்குவது மோட்டாரின் ரீங்காரத்தை. அது அடங்கியதும் கொட்டகையே அமைதியாகிவிட்டது போல ஒரு மயக்கம் வரும். அதற்கு மேல் பாட்டை வேறு ஏற்றினால் காது இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. பாட்டுக் கேட்பதற்காக விற்கிற பொருளைத் தொழிற்சாலைக் காப்பாக நம்பக் கூடாது.

மெடிக்கல் கடையிலும், பாதுகாப்புக் கருவிகள் விற்கும் கடையிலும் நுரை அடைப்பான் கிடைக்கிறது, விலை மிகக் குறைவு. எத்தனை டெசிபல் குறைக்கும் என்று உறையிலேயே அச்சிட்டிருக்கும். அதைச் சரியாக வைக்கத் தெரிய வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு, நுரையை விரலால் திரித்து விளக்குத்திரி போல மெலிதாக்க வேண்டும். வலது காதுக்கு வைக்கும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலேயும் பின்னாலேயும் இழுக்க வேண்டும். அப்போது வளைந்த துவாரம் நேராகும். உள்ளே விட்டு, நுரை விரிந்து அடைக்கும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். வருகிறவர்களுக்கு இதைச் செய்து காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். தறி முதலாளிகள் ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுப்பது பெரிய செலவில்லை.

காது நோய் உள்ளவர்களுக்கு எதை வாங்குவது என்பதில் குழப்பமே வேண்டாம். சீழ் வடிகிற காது, சவ்வில் ஓட்டை உள்ள காது, அடிக்கடி அரிப்பெடுத்துக் காளான் பிடிக்கிற காது, இவர்கள் ரப்பர் அடைக்கிற வகைப் பக்கமே போகக் கூடாது. நம் வெயிலிலும் புழுக்கத்திலும் அடைபட்ட துவாரம் வேர்த்து ஈரமாகவே இருக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் காளானுக்கு ரொம்பப் பிடிக்கும். குரும்பியும் தானாக வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தள்ளப்பட்டு இறுகிவிடுகிறது. ஹாஸ்டல் பிள்ளைகள் ஒரே இயர்பட்ஸை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போடுவதாகச் சொல்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். நடுக்காதில் கோளாறு உள்ளவர்களுக்கு எலும்பு வழியாக அதிர்வை அனுப்பும் வகை உதவலாம். அது நடுக்காதைத் தொடாமலே உட்காதுக்குப் போகிறது. வாங்கும் முன்னால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஓப்பன் வகையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. தாழ்ந்த சுருதி காதில் தங்காமல் வெளியே போய்விடும். மிருதங்கத்தில் வலப்பக்கத்து வலந்தலை கணீரென்று கேட்கும், இடப்பக்கத்துத் தொப்பியின் கும்காரம் பாதிதான் வரும். கச்சேரியை அனுபவித்துக் கேட்கிறவருக்கு இது பெரிய இழப்பு, ராத்திரி மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்து கேட்க அவர் அடைக்கிற வகை வாங்கிக்கொள்ளலாம். சத்தம் பக்கத்து ஆளுக்கும் கசியும், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நூலகத்திலும் அது அநாகரிகம். செய்தி, பேச்சு, பாடம், போன் பேச்சு ஆகியவற்றுக்கு இந்தக் குறை எதுவும் தடையில்லை. மனிதக் குரலைப் புரிந்துகொள்ள உதவும் சுருதிகள் அதில் தெளிவாகவே கிடைக்கின்றன.

ரப்பர் இல்லாமல், ஆனால் நாய்ஸ் கேன்சலிங்கோடு வருகிற நடுவகையும் இருக்கிறது. சாம்சங் 2020-ல் கேலக்ஸி பட்ஸ் லைவ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆப்பிள் 2024-ல் ஏர்பாட்ஸ் 4-ல் ஒரு ரகத்தை அப்படித் தந்தது. அடைப்பு இல்லாததால் இவை அடக்கும் அளவு கம்மிதான். கொஞ்ச தூரம் நடந்து, கொஞ்ச தூரம் பஸ்ஸில் போய், இரண்டு ஜோடி வாங்க முடியாதவருக்குப் பொருத்தமாக இருக்கலாம். ரோட்டில் இறங்கும்போது கேன்சலிங்கை அணைக்க வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

இயர்பட்ஸ் விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பேஸ் சத்தம் எப்படி, சார்ஜ் எத்தனை மணி நேரம் என்று சொல்வதற்கு முன்னால், எங்கே போட்டுக் கேட்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடையின் அமைதியில் போட்டுப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். வாசலுக்கு அழைத்துப்போய் வண்டிச் சத்தத்தில் போட்டுக் காட்டுங்கள். ஓப்பன் வகை வாங்குகிறவரிடம், பஸ்ஸில் போட்டு வால்யூமை ஏற்றாதீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள். அப்படிச் சொல்வதால் வியாபாரம் கெடாது, அடுத்தமுறை உங்களிடமே வருவார்.

பெற்றோருக்கு: பிள்ளைகளின் போனில் சத்தத்துக்கு எல்லை வைக்கும் வசதி அநேகமாக இருக்கிறது. ஐபோனில் செட்டிங்ஸுக்குள் ஒலிகள் என்ற பகுதியில் ஹெட்போன் பாதுகாப்பு என்று இருக்கும். உரத்த சத்தத்தைக் குறைக்கும் வசதியைப் போட்டு, எத்தனை டெசிபலைத் தாண்டக் கூடாது என்று நாமே தேர்ந்துகொள்ளலாம். சாம்சங் போனில் வால்யூம் பகுதிக்குள் மீடியா வால்யூம் லிமிட் இருக்கும், அதற்கு ஒரு பின் நம்பரும் வைக்கலாம். திட்டுவதை விட இது பலன் தரும். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசினால் அடைக்காத வகை போட்டிருக்கும் பிள்ளைக்கு அது கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் வால்யூம் அதிகம் என்று அர்த்தம்.

அந்த மாணவிக்கு இப்போது காதில் சத்தம் குறைந்திருக்கிறது, தூக்கம் வருகிறது என்று மறுபரிசோதனைக்கு வந்தபோது சொன்னாள். 4000-ல் விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. கிளிப் வகையை வீட்டிலும் கல்லூரி வளாகத்திலும் போடுகிறாள். பஸ்ஸில் போடுவதில்லை, ஜன்னல் சீட்டில் தூங்கிவிடுவதாக அவள் அம்மா சொன்னார்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு கோரிக்கை. கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் மதிப்பெண் போடும்போது ரோட்டுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று என்று இடவாரியாகப் போடும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். ‘காதுக்குப் பாதுகாப்பானவை’ என்ற வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டும். மார்ச் 3 உலக செவித்திறன் நாள், அதற்குள் வந்தால் பள்ளி கல்லூரிகளில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கும் உதவும். கட்டுரையாளர் திருப்பூர் பக்கம் வந்தால், எங்கள் ஒலிமானியை எடுத்துக்கொண்டு காலை எட்டு மணி பஸ்ஸில் அவரோடு ஏறி, எந்த வகைக்கு எவ்வளவு வால்யூம் தேவைப்படுகிறது என்று அளந்து காட்ட நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
செவித்திறன் பரிசோதனை செய்யும் வாசகி,
திருப்பூர்.